17-ம் நம்பர் ஸ்பேனரும் அப்பாவின் ஸ்ப்ளெண்டரும்

பழைய ஆயிலை வடிக்க என்ஜினுக்கு அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டின் மரை போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஞாயிறு என்றால் எங்கள் பக்கம் ஒர்க்ஷாப்புக்கும் லீவு, ஸ்பேர்ஸ் கடைக்கும் லீவு. வண்டியோ அப்பாவுடையது, 2004 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர். மறுநாள் காலை ஐந்தரைக்கெல்லாம் அவர் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் நிற்க வேண்டும். பூக்கடைக்காரருக்கு ஒரு நாள் பூ வராவிட்டால் அன்றைக்குப் பிழைப்பே இல்லை.

ஆயில் மாற்றுவதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் ஆரம்பித்தேன். 900 மில்லி ஆயில் பாக்கெட் ஒன்று, 17-ம் நம்பர் ஸ்பேனர், அடியில் வைக்கப் பழைய பெயின்ட் டப்பா. வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றிப் பழைய ஆயிலை வடித்தேன். அதுவரை ஒரு குறையும் இல்லை. திருப்பி மாட்டும்போதுதான் புத்தி கெட்டது. ஒழுகிவிடக் கூடாதே என்ற பயத்தில், ஸ்பேனரின் வாலில் ஒரு முழ நீள இரும்புப் பைப்பைச் செருகி இழுத்தேன். முதலில் இறுகியது. அடுத்த கால் சுற்றில் சட்டென்று கை இலகுவாகிவிட்டது. அந்த இலகுவைக் கையில் உணர்ந்தவர்களுக்கு, அப்போது வயிறு என்ன பாடுபடும் என்பது தெரியும். போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தது. கழற்றிப் பார்த்தால், அதன் மரையில் வெள்ளி நிறத்தில் சுருள் சுருளாக அலுமினியம் ஒட்டிக்கொண்டு வந்தது.

போல்ட் இரும்பு, என்ஜின் பாடி அலுமினியம். இரண்டும் மல்லுக்கு நின்றால் தோற்பது எப்போதும் என்ஜின்தான். இதைவிட முக்கியமான ஒன்று எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை. அந்த இடத்தில் ஆயிலைத் தடுத்து நிறுத்துவது நம் கைப்பலம் இல்லை. போல்ட்டின் தலைக்கு அடியில் இருக்கிற மெல்லிய அலுமினிய வாஷர்தான் நசுங்கி இடைவெளியை அடைக்கிறது. சில ரூபாய்ப் பொருள் அது. ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் புதிதாகப் போட்டுவிட்டால், சாதாரண ஸ்பேனரால் நிதானமாக இறுக்கினாலே போதும்.

அன்று இரவு டெஃப்லான் டேப்பைச் சுற்றி போல்ட்டை மாட்டினேன். அதற்கு மேல் எம்-சீலைப் பிசைந்து அப்பினேன். காலையில் அப்பா எழுப்பினார். "டேய், வண்டி ராத்திரி ஒன்னுக்குப் போயிருக்கு, வந்து பாரு." டைல்ஸில் கறுப்பாக ஒரு குட்டை. அவர் ஆட்டோ பிடித்துப் பூ வாங்கப் போனார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். குனிந்து ஒரு பார்வை பார்த்தவர் கேட்டது ஒரே கேள்விதான்: "பைப் போட்டு இழுத்தியா தம்பி?"

பக்கத்து லேத் பட்டறையில் ஹெலிகாயில் போட்டார்கள். பழுதான மரையைச் சற்றுப் பெரிதாகத் துளைத்து, புது மரை வெட்டி, அதற்குள் ஸ்டீல் ஸ்பிரிங் போன்ற ஒரு சுருளைத் திருகி இறக்குவது. சுருளின் உள்பக்கம் பழைய அளவிலேயே மரை இருக்கும், அதே போல்ட் மாட்டலாம். மரை வெட்டும் 'டேப்' கருவியில் லேத்காரர் நிறைய கிரீஸ் தடவிக்கொண்டார். துருவல் உள்ளே விழாமல் கிரீஸில் ஒட்டிக்கொள்வதற்காக. அப்படியும் கொஞ்சம் உள்ளே போயிருக்கும் என்று, மலிவான ஆயில் அரை லிட்டர் ஊற்றி அடி வழியாக வடிய விட்டு, அதன் பிறகுதான் புது ஆயிலை ஊற்றச் சொன்னார். இப்போது அந்த மரை என்ஜினிலேயே பலமான இடம் என்று நினைக்கிறேன்.

இது நடந்து ஏழு வருடம் ஆகிறது. பிழைப்புக்கு நான் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஸ்பேனர் பிடிக்கிறேன். ஏழு வருடத்தில் அந்த வண்டியில் நான் செய்த "மாடிஃபிகேஷன்" எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தால், பாதிக்கு மேல் நானே கழற்றி எறிந்தவை. சில வேலைகள் தங்கிவிட்டன. எது தங்கியது, எது போனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஹெட்லைட். அந்தக் கால ஸ்ப்ளெண்டர் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்: வண்டி ஐடிலிங்கில் நின்றால் வெளிச்சம் மங்கும், ஆக்சிலரேட்டரை முறுக்கினால் பளிச்சென்று எரியும். அதிகாலை இருட்டில் வேகத்தடை தெரியவில்லை என்று அப்பா சொன்னார். நானும் கடையில் பளபளவென்று ஒரு எல்.இ.டி. பல்பு வாங்கி வந்தேன். பழைய 35 வாட் பல்பை எடுத்துவிட்டு அதே ஹோல்டரில் மாட்டினேன். எரிந்தது. எரிந்ததா, துடித்ததா என்று சொல்ல முடியவில்லை. கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி படபடவென்று அடித்தது.

காரணம் இதுதான். அந்த மாடலில் ஹெட்லைட்டுக்குப் பேட்டரியிலிருந்து கரண்ட் வருவதில்லை. என்ஜினுக்குள் சுழலும் மேக்னட், ஸ்டேட்டர் காயில் என்ற அசையாத கம்பிச் சுருள் வழியாகத் தயாரிக்கும் ஏ.சி. கரண்ட், வோல்ட் எகிறாமல் தடுக்கும் ரெகுலேட்டரைத் தொட்டுக்கொண்டு நேராகப் பல்புக்கு வருகிறது. என்ஜின் ஓடாவிட்டால் ஹெட்லைட்டே எரியாது. இழை பல்புக்கு ஏ.சி., டி.சி. எல்லாம் ஒன்றுதான். இழை சூடானால் வெளிச்சம், அவ்வளவுதான். எல்.இ.டி. அப்படி இல்லை. ஒரு திசையில் கரண்ட் வந்தால்தான் எரியும், திசை மாறும் நேரமெல்லாம் அணைந்து கிடக்கும். வேகம் குறைந்தால் துடிப்பு கண்ணுக்கே தெரியும்.

சரி, பேட்டரியிலிருந்தே கொடுத்துவிட்டால்? கொடுத்தேன். சாவி போட்டதும் வரும் லைனில் ஒரு ஒயரைச் சேர்த்து, சுவிட்ச் வைத்து, டேப் சுற்றினேன். வெளிச்சம் ஆடாமல் அசையாமல் நின்றது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ஐந்தாம் நாள் இண்டிகேட்டர் நின்றுபோனது. ஆறாம் நாள் ஹார்ன் சளி பிடித்த மாதிரி முனகியது.

கணக்கு எழுதுகிறவன் முதலில் போட்டிருக்க வேண்டிய கணக்கை அப்போதுதான் போட்டேன். பேட்டரி 12 வோல்ட், 2.5 ஆம்பியர் ஹவர். என் பல்பு ஏறக்குறைய 12 வாட், அதாவது மணிக்கு ஒரு ஆம்பியர் ஹவர் கணக்கில் உறிஞ்சும். சார்ஜ் ஏறாமல் இரண்டரை மணி நேரம் எரிந்தால் பேட்டரி காலி. அந்த வண்டியின் சார்ஜிங் ஏற்பாடு ஹார்ன், இண்டிகேட்டர், பிரேக் லைட் இவற்றுக்கு மட்டும் அளந்து வைத்தது. அப்பா ஓட்டுவதோ தினமும் நாலு கிலோமீட்டர், அதிலும் நின்று நின்று. வரவைவிடச் செலவு அதிகம். கிக்கர் அடித்தால் பேட்டரி இல்லாமலேயே என்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடும் என்பதால், பேட்டரி செத்துக்கொண்டிருந்ததே எங்களுக்குத் தெரியவில்லை.

முறையாகச் செய்ய வழி உண்டு. ஸ்டேட்டரைத் திறந்து, காயிலில் கரண்ட் திரும்பி வரும் எர்த் முனையை என்ஜின் பாடியிலிருந்து பிரித்துத் தனி ஒயராக வெளியே கொண்டுவந்து, இரண்டு முனையையும் ஃபுல் வேவ் ரெக்டிஃபையர் ஒன்றில் கொடுத்தால், ஏ.சி. முழுவதும் டி.சி.யாக மாறிப் பேட்டரிக்கு வரும். செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அதற்குத் தயாராகிக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்று நடந்தது. நத்தம் ரோட்டில் எதிரே வந்த டெம்போக்காரர் வண்டியை நிறுத்தி, "அண்ணே, கண்ணு போகுது" என்று கத்திவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து எதிர்ச் சுவரில் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். நியாயம்தான். ஹெட்லைட்டின் ரிஃப்ளெக்டர், அந்தச் சின்ன இழை எந்த இடத்தில் உட்கார்ந்திருக்குமோ அதைக் கணக்கிட்டு வளைத்தது. எல்.இ.டி. சில்லு வேறு இடத்தில், வேறு அகலத்தில் உட்கார்ந்தால் வெளிச்சம் ரோட்டில் விழாமல் மரத்திலும் எதிரே வருகிறவர் முகத்திலும் சிதறும். எனக்குப் பளிச்சென்று தெரிந்ததெல்லாம் அந்தச் சிதறல்தான். வேகத்தடை முன்னைப் போலவேதான் இருட்டில் இருந்தது.

எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பழைய 35 வாட் பல்பையே மாட்டினேன். அப்போது மெக்கானிக் அண்ணன் சொன்னார், "எர்த்தைப் பாத்தியா?" நான் பார்த்திருக்கவில்லை.

மல்டிமீட்டரை ஏ.சி.யில் வைத்து, ஒரு முள்ளைப் பல்பு ஹோல்டரின் எர்த்திலும் இன்னொன்றை என்ஜின் பாடியிலும் வைத்தேன். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, லைட் எரிகிறது. இரண்டும் ஒரே எர்த் என்றால் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 1.6 காட்டியது. பல்புக்குச் சேர வேண்டிய வோல்ட் வழியிலேயே துருவில் கரைந்துகொண்டிருந்தது. ஹோண்டா வயரிங்கில் எர்த் பச்சை ஒயர். அதைப் பின்தொடர்ந்து போனால், டேங்குக்கு அடியில் ஃபிரேமில் ஒரு போல்ட். தலை பூராவும் துரு, அடியில் பதினைந்து வருடத்துத் தூசி. கழற்றி, உப்புத்தாள் போட்டு ஃபிரேமில் வெள்ளை இரும்பு தெரிகிற வரை தேய்த்தேன். ஒயர் முனையின் வளையத்தையும் தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸலின் தடவினேன். ஹோல்டரின் உள்ளே கறுத்துப்போன புள்ளிகளையும் அதே உப்புத்தாளால் சுரண்டினேன். மீட்டர் 0.2-க்கு இறங்கியது.

இழை பல்பில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். அதனால் கிட்டத்தட்ட ஒன்றரை வோல்ட் திரும்பக் கிடைத்தது சின்ன விஷயம் இல்லை. மறுநாள் அப்பா வந்து, "இந்த பல்பு எவ்வளவுடா?" என்று கேட்டார். உப்புத்தாள் விலையைச் சொன்னேன், நம்பவில்லை.

அடுத்தது செயின் ஸ்ப்ராக்கெட். மைலேஜ் பைத்தியம் பிடித்திருந்த காலம். முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல் இருந்ததை எடுத்துவிட்டு 15 பல் போட்டால், அதே வேகத்துக்கு என்ஜின் ஏழு சதவீதம் குறைவாகச் சுற்றினால் போதும், பெட்ரோல் மிஞ்சும் என்று யாரோ சொன்னார்கள். கணக்கு சரி. இந்த வண்டியில் ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருவதால், ஸ்ப்ராக்கெட் மாற்றினாலும் கிலோமீட்டர் பொய் சொல்லாது. டேங்க் நிரப்பி டேங்க் நிரப்பி மூன்று முறை அளந்தேன். 61 கொடுத்த வண்டி 63 கொடுத்தது. ஊருக்குள் காலர் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

அப்புறம் மனைவியை உட்கார வைத்துச் சிறுமலை ஏறினேன். 18 கொண்டை ஊசி வளைவு. முதல் நாலு வளைவிலேயே செகண்டு கியரில் வண்டி மூச்சு வாங்கியது. ஃபர்ஸ்டுக்கு இறக்கினால் என்ஜின் கத்துகிறது, செகண்டுக்கு ஏற்றினால் திணறுகிறது. நடுவில் கியரே இல்லை. எதிரே பஸ் வந்த ஒரு வளைவில் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஏற்றியதில் கிளட்ச் பிளேட் கருகும் வாடை வந்தது. "என்னங்க, நான் வேணா இறங்கி நடக்கட்டுமா?" என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். அதுதான் வலித்தது. கம்பெனிக்காரன் 14 பல் வைத்தது, இரண்டு பேரோடும் ஒரு மூட்டையோடும் மேடு ஏறுவதையும் மனதில் வைத்து. லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டருக்காக நான் அந்த இழுவையை விற்றிருந்தேன். அடுத்த ஞாயிறே 14 பல் திரும்ப ஏறியது. கிளட்ச் பிளேட் செலவைச் சேர்த்தால், மிச்சம் பிடித்த பெட்ரோல் காசு எந்தப் பக்கம் போனது என்று தெரியவில்லை.

மைலேஜுக்கு உண்மையில் உதவியது மூன்றே காரியம்: டயர் காற்று, சுத்தமான ஏர் ஃபில்டர், பின் பிரேக் உரசாமல் இருப்பது. பின் சக்கரத்தை சென்டர் ஸ்டாண்டில் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரு தள்ளில் இரண்டு மூன்று சுற்று சுற்றாவிட்டால் உங்கள் பெட்ரோலை பிரேக் ஷூ குடிக்கிறது என்று அர்த்தம். செயினை இறுக்கிய பிறகு இது அடிக்கடி நடக்கும். சக்கரம் பின்னால் நகரும்போது பிரேக் ராடும் சேர்ந்து இறுகிவிடும், அதைத் தளர்த்த மறந்துவிடுவோம். செயினிலும் 2 முதல் 3 சென்டிமீட்டர் தொய்வு இருக்கத்தான் வேண்டும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, எந்த இடத்தில் செயின் மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கே அளக்க வேண்டும். இன்னொன்று, என்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டு, சுற்றுகிற செயினைத் துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள். துணியை ஸ்ப்ராக்கெட் இழுத்தால் விரலும் சேர்ந்து போகும்.

வெல்டிங் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தாலே எரிச்சல். பூ மூட்டை வைக்க பக்கவாட்டில் ஒரு கேரியர் கம்பி தேவைப்பட்டது. ஒரு வெல்டிங் பட்டறையில் விட்டேன். வண்டியில் வைத்தபடியே பற்றவைத்தார்கள். எர்த் கிளாம்பை ஹேண்டில்பாரில் கவ்வவிட்டு, பின்னால் ராடு தொட்டார்கள். பேட்டரி ஒயரைக் கழற்றவில்லை. கழற்றச் சொல்ல எனக்கும் தெரியவில்லை. வேலை முடிந்ததும் எத்தனை கிக் அடித்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக்கில் ஸ்பார்க் இல்லை. பிளக்குக்கு ஸ்பார்க் அனுப்பும் சின்னப் பெட்டியான சி.டி.ஐ. யூனிட் போய்விட்டது. வெல்டிங் கரண்ட் கிளாம்புக்குத் திரும்பிப் போக எது வழி கிடைத்தாலும் போகும், ஒயர் வழியாகவும் பேரிங் வழியாகவும். அதனால் கேரியரோ கிராஷ் கார்டோ, முடிந்தவரை கழற்றிக் கொண்டுபோய்ப் பற்றவைத்து வந்து போல்ட் போட்டு மாட்டுங்கள். வண்டியில் வைத்தேதான் ஆக வேண்டும் என்றால் பேட்டரியின் இரண்டு முனையையும் சி.டி.ஐ. சாக்கெட்டையும் கழற்றிவிட்டு, கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள் கவ்வவிடச் சொல்லுங்கள்.

அந்தக் கேரியரும் இப்போது வண்டியில் இல்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: தயாரிப்பாளரின் அசல் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. சட்டம் அனுமதிக்காத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டிக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்றது அது. சைலன்சரைத் துளைத்துச் சத்தம் கூட்டுகிற தம்பிகள் போலீஸுக்குப் பயப்படுகிறார்கள். எனக்கு அதைவிட இன்சூரன்ஸ்தான் பயம். விபத்து என்று வந்தால், வண்டியில் எதை மாற்றினாய் என்பதைத்தான் முதலில் தோண்டுவார்கள்.

தங்கிய வேலைகள் எல்லாம் சின்னச் சின்னவை. கிளட்ச் ஒயர் இறுகிப்போனால் உடனே மாற்றுவதில்லை. மேல் முனையைக் கழற்றி, பால் கவரின் மூலையைச் சின்னதாக வெட்டி ஒயரின் உறையில் மாட்டி, நூலால் இறுக்கிக் கட்டி, அந்தக் கவருக்குள் இரண்டு ஸ்பூன் ஆயில் ஊற்றிச் சுவரில் தொங்கவிடுவேன். விடிவதற்குள் கீழ் முனையில் கறுப்பாகச் சொட்டியிருக்கும். கறுப்பு நின்று சுத்தமான ஆயில் வந்தால் முடிந்தது. ஒரு விரலால் பிடிக்கலாம். கீழ் முனையில் ஒரு கம்பி இழை அறுந்திருந்தாலும் இந்த வைத்தியம் வேண்டாம், புதுசு போட்டுவிடுங்கள். பழையதை உருவும்போது அதன் நுனியில் சணல் நூலைக் கட்டி இழுத்தால், நூல் அதே பாதையில் தங்கிவிடும். புது ஒயரை அந்த நூலில் கட்டித் திரும்ப இழுத்தால் டேங்கைக் கழற்றாமலேயே போய்ச் சேரும்.

பிளக்கைக் கழற்றி நுனியின் நிறம் பார்ப்பதும் தங்கிய பழக்கம். காப்பிப் பொடி நிறம் என்றால் கார்பரேட்டர் டியூனிங் சரி. கரிப்பொடியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளிறி இருந்தால் காற்று அதிகம். பிளக்கைத் திரும்ப மாட்டும்போது ஸ்பேனர் வேண்டாம், முதலில் விரலால் திருக வேண்டும். சிலிண்டர் ஹெட்டும் அலுமினியம்தான். அங்கே மரை போனால், டிரெயின் போல்ட் கதை எவ்வளவோ தேவலாம்.

ஃபியூஸ் எரிந்தபோது அந்த இடத்தில் செம்புக் கம்பி வைத்தது ஒரே ஒரு முறை. சீட்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. பேட்டரி கவரின் உள்பக்கம் இப்போது இரண்டு ஸ்பேர் ஃபியூஸ் டேப் போட்டு ஒட்டியிருக்கிறது.

பிரேக்கில் மட்டும் நான் புதுமை எதுவும் செய்வதில்லை. வேறு வண்டியின் ஃபோர்க்கையும் டிஸ்க்கையும் வாங்கி இதில் ஏற்றலாம் என்று ஆசை காட்டினார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். டிரம்மைத் திறந்து, ஈரத் துணியால் தூசியைத் துடைத்து (ஊதக் கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது), கண்ணாடி போல வழுவழுப்பான ஷூவை உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, ஷூவை விரிக்கும் கேம் முனையில் மிளகளவு கிரீஸ் வைத்து மூடுவேன். ஒருமுறை மிளகு நெல்லிக்காய் ஆகிவிட்டது. சூட்டில் கிரீஸ் உருகி ஷூவில் இறங்கி, அப்பா மார்க்கெட் வாசலில் முன்னால் நின்ற தள்ளுவண்டி மேல் மெதுவாகப் போய் முட்டினார். யாருக்கும் அடியில்லை. ஒரு கூடைச் செவ்வந்தி ரோட்டில் கொட்டியது. அதற்கான காசைக் கொடுத்துவிட்டு வந்தவர் என்னைத் திட்டவில்லை. கிரீஸ் பட்ட ஷூவைக் கழுவிப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த என் முன்னால் புது ஷூ பெட்டியை வைத்துவிட்டு, "மாட்டி முடிச்சிட்டு முதல்ல நீ ஓட்டிப் பாரு" என்றார்.

அன்றிலிருந்து எந்த வேலை முடித்தாலும், ஆள் நடமாட்டம் இல்லாத எங்கள் தெருமுனை வரை நான் ஓட்டி, நாலு முறை பிரேக் அடித்துப் பார்த்த பிறகுதான் சாவி அப்பா கைக்குப் போகிறது. வாங்கிக்கொண்டு ஒருமுறை குனிந்து என்ஜினுக்கு அடியில் தடவிப் பார்ப்பார். விரலில் ஆயில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிக்கரில் கால் வைப்பார்.